ஒரு மாதம் பொறுக்கச் சொன்னவர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைக் காட்டிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. தெரியாத எண். "மாரண்டஹள்ளியில இருந்து பேசறனுங்க, கலைச்செல்வியோட தம்பி. அக்கா விடியக்காத்தால தவறிட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்க, பாலக்கோடு கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சி." வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தருமபுரியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் கலைச்செல்வி மேடம் ஆறு ஆண்டுகள் தற்காலிக விரிவுரையாளராக இருந்தார். இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே மேசை, கதவு மூடாத ஒரே குளிர்பதனப் பெட்டி. அந்தக் கதவை எந்த இடத்தில் முழங்காலால் முட்டினால் மூடும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். என் கையெழுத்தைப் பார்த்து, "சார், இது குறிப்பா, எறும்பு போன தடமா?" என்பார்.

எங்கள் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பட்டினி போட்டால் உயிரணு உடனே செத்துவிடாது. தனக்குள் இருக்கும் பழைய, பழுதான பாகங்களைச் சிறு பைகளில் கட்டிச் செரித்து, அதில் கிடைப்பதைக் கொண்டு காலம் தள்ளும். இதைத் தன்னுண்ணல் என்கிறோம். பெக்லின் என்ற புரதம் அதைத் தொடங்கி வைக்கும். சாதாரண நாளில் பிசிஎல்-2 என்ற இன்னொரு புரதம் பெக்லினைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினி வந்தால் பிடி தளரும். நிலைமை கைமீறினால், சாவை நடத்தும் நொதிகள் வந்து அதே பெக்லினை வெட்டும். பிழைக்கும் வழி மூடும், உயிரணு சாகும். பிழைப்புக்கும் சாவுக்கும் நடுவில் ஒரே புரதம் நிற்பதில் மேடத்துக்குத் தீராத வியப்பு. "கல்யாணத் தரகராட்டம் சார் இது. ரெண்டு வூட்டுலயும் பேச்சு வாங்குது" என்பார்.

சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு செடியின் சாற்றைப் புற்றணுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம். அணுக்கள் இறந்தன. உள்ளே அந்தச் சிறு பைகள் குவிந்து கிடந்தன. அவற்றின் அளவைக் காட்டும் கரும்பட்டை, எக்ஸ்ரே படம் போன்ற படலத்தில் தடித்து விழுந்திருந்தது. மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தன்னுண்ணல் அளவு மீறி, அணு தன்னையே தின்று செத்துவிட்டது என்று அன்று மாலையே கட்டுரைக்குத் தலைப்பு எழுதிவிட்டேன்.

மேடம் படலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவருடைய தந்தை தக்காளி வியாபாரி. "மண்டியில தக்காளி டிரே மலையாட்டம் குவிஞ்சி கெடந்தா வெளச்சல் அதிகம்னுதான் இருக்கணுமாங்க? லாரி வரலைன்னும் இருக்கலாம் சார்" என்றார்.

பைகள் அதிகமாக உண்டானதால் குவிந்தனவா, செரிக்கும் இடத்துக்குப் போகும் வழி அடைபட்டதால் குவிந்தனவா என்பதே அவருடைய கேள்வி. அந்த வழியை அடைக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு மருந்தைச் சேர்த்து, இன்னொரு முறை சோதிக்க வேண்டும். பட்டை இன்னும் தடித்தால் நான் சொன்னது சரி. தடிக்காவிட்டால் செடிச்சாறே வழியை முன்பே அடைத்துவிட்டது, அவர் சொன்னது சரி. அந்த மருந்துப் புட்டி காலியாக இருந்தது. பெங்களூரிலிருந்து வர ஒரு மாதம் ஆகும்.

"ஒரு மாசம் பொறுங்க சார்."

என் பதவி உயர்வு விண்ணப்பத்துக்கு அவ்வளவு நாள் இல்லை. நான் பொறுக்கவில்லை. அவர் முகம் சுளிக்காமல் கட்டுரையிலிருந்து தம் பெயரை எடுத்துவிடச் சொன்னார். "இந்த செல்லு தன்னத் தின்னு சாவல சார். தின்னு பொழைக்கப் பாத்துச்சி, நாமதான் வழிய அடைச்சிட்டோம்னு தோணுது. தெரியாம எப்படிங்க பேரு போடறது?"

கட்டுரை வெளியானது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நிரந்தரப் பணிக்கான நேர்காணலில் காட்ட அவரிடம் கட்டுரை இல்லை. ஊருக்குத் திரும்பி, ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியரானார்.

அவர் போன பிறகு மருந்து வந்தது. ஒருவரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சோதனையைச் செய்தேன். பட்டை துளியும் தடிக்கவில்லை. மேலும் இரண்டு முறை செய்தேன், அதே கதைதான். படலங்களை உறையிலிட்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பொங்கலுக்குப் பொங்கல் அவர் அழைப்பார். நலம் விசாரித்த பிறகு, "அந்த மருந்து வந்துச்சாங்க சார்?" என்று கேட்பார். முதல் முறை, "இன்னும் வரலைங்க மேடம்" என்றேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்கு வருடா வருடம் தீனி போட வேண்டியிருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு விற்பனையாளர் மாறிவிட்டார் என்றேன். அதற்கடுத்த முறை நிதி இல்லை என்றேன். "சரிங்க சார், வந்ததும் ஒரு போன் பண்ணுங்க" என்பார். வேறு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாரண்டஹள்ளியில் மாலையை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் ஒதுங்கி நின்றேன். தம்பி தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாங்க சார். அவரு ஒரு மருந்துக்குக் காத்துக்கிட்டு இருக்காரு, வந்ததும் மொதல்ல எனக்குத்தான் சொல்லுவாருன்னு."

அவர் நம்பித்தான் சொன்னாரா, எல்லாம் தெரிந்தும் எனக்கு வாய்ப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தாரா? இனி யாரிடம் கேட்பது? வெட்கமாக இருக்கிறது. அதைவிட வேறு நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

நேற்று இழுப்பறையைத் திறந்தேன். உறை பழுப்பேறியிருந்தது; உள்ளே பட்டைகள் அன்று போலவே இருந்தன. என் கட்டுரையின் முடிவு தவறு, அதை முதலில் சொன்னவர் கலைச்செல்வி என்று எழுதி, மூன்று படலங்களின் படத்தோடு கட்டுரை வெளியான ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். பிறகு என்னை அறியாமல் கைப்பேசியை எடுத்து அவர் எண்ணைத் தேடிவிட்டேன்.

மேடம், மருந்து வந்துவிட்டது. நீங்கள் கேட்ட முதல் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. நீங்கள் சொன்னதுதான் சரி, லாரிதான் வரவில்லை. போய் வாருங்கள்.