ஆரஞ்சுப் பூச்சு காயும் வரை

எங்கள் குடியிருப்பில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் பிஸ்கெட் அக்கா. அவளைவிட மூத்தவரான கீழ்வீட்டுத் தையல்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். "நீங்க எனக்கு அண்ணன் மாதிரி. நான் எப்படி உங்களுக்கு அக்கா ஆனேன்?" என்று ஒருமுறை கேட்டே விட்டாள். "பிஸ்கெட் தங்கச்சின்னு சொல்ல வாய் வரலையே" என்றார் அவர்.

இரண்டாவது மாடியில் அவளும் அவளுடைய நாத்தனாரும் இருக்கிறார்கள். நாத்தனாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் வீட்டில் பாப்பா என்றுதான் பேர். ஆஸ்பத்திரி ஒன்றில் போன் எடுத்துப் பேசுகிற வேலை. நாள் முழுக்க ஊரார் நோயைக் கேட்டுவிட்டு வருவதால், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே "யாரும் என்கூடப் பேசாதீங்க" என்று அறிவித்துவிடுவாள். வீட்டில் இருப்பது அண்ணி ஒருத்திதான்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வாரங்கள் மாதங்களாயின. கடைசியில் ஒருநாள் தங்கைக்குப் போன் செய்து, வேறு ஊரில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டதாகவும் இனி வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மனைவியிடம் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. அக்கா அப்போது காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானும் ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அது அண்ணன் சட்டை என்று கண்டதும் கீழே போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

அக்கா அழவில்லை. மடித்த துணியை எல்லாம் அலமாரியில் வைத்துவிட்டு வந்து, "நான் எங்க போறது?" என்று மட்டும் கேட்டாள். கேட்கத்தான் வேண்டியிருந்தது. மாமனார் வீட்டை மகள் பேருக்கு எழுதிவைத்திருந்தார். தவிர, நாத்தனாருக்கும் அண்ணிக்கும் அதுவரை ஆகவே ஆகாது. குளியலறைக் குழாயைச் சரியாக மூடவில்லை என்பதற்காக மாதக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தவர்கள்.

"நீங்க எங்கயும் போக வேண்டாம் அண்ணி. எனக்குத் தனியாப் படுக்கப் பயம்" என்றாள் பாப்பா.

அது பொய். பாப்பா எதற்கும் பயப்படுகிறவள் இல்லை. அக்காவுக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகுதான் அக்கா கடைத்தெரு பேக்கரியில் தட்டுக் கழுவப் போனாள். தட்டுக் கழுவியவள் மாவு பிசைந்தாள், மாவு பிசைந்தவள் அடுப்புக்குப் போனாள். முதலாளிக்கு வயதாகி பேக்கரியை மூடியபோது, இருந்ததிலேயே சின்ன அடுப்பை அவளிடம் கொடுத்துவிட்டார். அதை மாடிக்கு ஏற்றிய நாளை எங்கள் குடியிருப்பு மறக்காது. தூக்கி வந்தவர்கள் படியில் சிக்கிக்கொண்டு, மேலே இருந்தவர்கள் மேலேயும் கீழே இருந்தவர்கள் கீழேயும் நின்று தவித்தோம். கடைசியில் அடுப்பு முன்னறைக்கு வந்தது, முன்னறையில் இருந்த சோபா பால்கனிக்குப் போயிற்று. இரண்டு மழையில் நனைந்து உப்பிச் செத்தது.

மற்ற மாதங்களில் பன், ரொட்டி, சாதா பிஸ்கெட். வருஷக் கடைசி விடுமுறை நெருங்கினால் மசாலா பிஸ்கெட் மட்டும்தான். வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, கரும்புப்பாகு, முட்டை. அதோடு சுக்கு, பட்டை, கிராம்பு, துளி ஜாதிக்காய். அந்த மாவைக் குளிரவைத்து, உருட்டி, தட்டில் வைத்துச் சுடுவாள். ஓரம் பிடித்து நடு இன்னும் வேகவில்லையோ என்று சந்தேகம் வரும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். சூட்டுத் தட்டிலேயே மிச்சம் வெந்துகொள்ளும். அப்போதுதான் நாள்பட்டாலும் பஞ்சு மாதிரி இருக்கும். பிறகு ஆரஞ்சுச் சாற்றில் பொடித்த சர்க்கரையைக் குழைத்து, தோலைத் துருவிப் போட்டு, மேலே பூசுவாள். பிஸ்கெட் சூடாக இருந்தால் பூச்சு உருகி வழிந்துவிடும். ஆறிப்போயிருந்தால் கட்டியாக நிற்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போது பூச வேண்டும். அந்தச் சில நிமிஷத்துக்காக அவள் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் நாளெல்லாம் ஓடினாள்.

அலுவலகம், பள்ளிக்கூடம், பாப்பாவின் ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலிருந்தும் கேட்டார்கள். யாரிடமும் முடியாது என்று சொல்ல அவளுக்கு வராது. அடுப்பின் வலது பக்கம் அதிகம் சுடும் என்பதால் ஒவ்வொரு தட்டையும் பாதியில் வெளியே இழுத்துத் திருப்பி வைக்க வேண்டும். மணிக்கட்டு வீங்கியிருக்கும், முட்டி மடங்காது. குளிக்கப் போனால் தண்ணீர் விழும் சத்தத்திலேயே கண் சொக்கிவிடும் என்பாள். கூந்தலில் கிராம்பு வாசனை போகவே போகாது. "எல்லாரும் நல்லா இருக்குங்கறாங்க. எனக்கு அந்த வாசனை வந்தாலே முதுகு வலிக்குது" என்று ஒருநாள் சொன்னாள்.

போன வருஷம் விடுமுறை நெருங்கின சமயத்தில், தட்டை இழுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாப்பா ஓடிவந்து பார்த்தபோது சூட்டுத் தட்டு மடிக்குப் பக்கத்தில் கிடந்தது. "ஒண்ணுமில்ல, கண்ணை இருட்டிட்டு வந்துது" என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து அடுத்த தட்டை உள்ளே தள்ளினாள்.

சில நாள் கழித்து, விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு மத்தியானம். பெட்டிகளுக்கு ரிப்பன் கட்டிக்கொடுக்க நான் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தேன். வெளியே விடாத மழை. ஈரக்காற்றில் பூச்சு காய மாட்டேன் என்று அடம்பிடித்தது. கட்டில், நாற்காலி, இஸ்திரி மேசை என்று எங்கு பார்த்தாலும் தட்டுகள். காற்றாடியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, மூச்சுக்கூடக் கவனமாக விட்டுக்கொண்டிருந்தோம்.

திறந்திருந்த வாசலில் ஒரு மனிதர் நின்றார். கையில் பை, தலையெல்லாம் ஈரம். நான் பிஸ்கெட் வாங்க வந்தவர் என்று நினைத்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தூரிகை கையிலேயே நின்றது. பிறகு குனிந்து விட்ட இடத்திலிருந்து பூசத் தொடங்கினாள்.

"உள்ள வரலாமா?" என்றார் அவர்.

"காலைத் துடைச்சுட்டு வாங்க. தட்டுல இடிச்சுக்காதீங்க."

அப்போதுதான் யாரென்று எனக்கு உறைத்தது. நான் நைசாக எழுந்தேன்.

"நீ எங்க போற? ரிப்பன் பாதியில நிக்குது" என்றாள் அக்கா. உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு உட்கார இடமில்லை. சுவரோரம் நின்றபடியே பேசினார். அந்த ஊரில் எதுவும் சரிப்பட்டு வரவில்லையாம். கூட இருந்தவள் தன் மகன் வீட்டோடு போய்விட்டாளாம். கண் பார்வை குறைந்து லாரியும் ஓட்ட முடியவில்லையாம். தப்புப் பண்ணிவிட்டேன் என்றார். அக்கா அடுப்பைத் திறந்து தட்டைத் திருப்பினாள். மூடினாள்.

"ஏதாவது சொல்லேன்" என்றார்.

"இப்ப எதுவும் சொல்ல முடியாது. கை ஒழியல. தள்ளி நில்லுங்க, சுடும்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மூலையில் இருந்த ஆரஞ்சுகளைக் கழுவ ஆரம்பித்தார். கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்துத் துருவினாள், பிழிந்தாள். பார்க்கிறவர்களுக்கு வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் மாதிரி இருந்திருக்கும். நடுவில் உடைந்த பிஸ்கெட் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சுக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்றார். நான் ரிப்பனை விட்டுவிட்டேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பாப்பா வந்தாள். அண்ணனைக் கண்டு திகைக்கவில்லை. "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டாள். அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

கடைசித் தட்டும் பூசியாகிவிட்டது. அக்கா அடுப்பை அணைத்தாள். கட்டிலில் தட்டுகளைக் கொஞ்சம் தள்ளிவைத்து விளிம்பில் உட்கார்ந்தாள். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

"இத்தனை வருஷமா நீங்க வந்தா என்ன சொல்லணும்னு நிறைய யோசிச்சு வெச்சிருந்தேன். இப்பத் தேடிப் பார்த்தா ஒண்ணுகூட ஞாபகம் வரல" என்றாள். "கோவம்னு நினைச்சுக்காதீங்க. எனக்குத் தெம்பு இல்ல. இன்னொரு ஆளுக்குத் துவைக்கணும், எடுத்து வைக்கணும், முடியலன்னா ராத்திரி கண் முழிச்சுப் பார்க்கணும். என்னால ஆகாது."

"நானும் கூடமாட உதவி செய்வேன். இன்னிக்குச் செய்யலையா?"

"செய்வீங்க. ரெண்டு நாள்."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டார். கழுவிய ஆரஞ்சில் மிச்சமிருந்த ஒன்றை ஒழுங்காக நகர்த்தி வைத்துவிட்டு, தட்டுகளில் இடிக்காமல் பக்கவாட்டில் நடந்து வெளியே போனார். பாப்பா குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

திரும்பி வந்தவளிடம் அக்கா, "நீ சொல்லித்தானே வந்தாரு?" என்றாள்.

பாப்பா மறைக்கவில்லை. "நான்தான் போன் பண்ணேன். அன்னிக்கு நீங்க விழுந்ததுலேர்ந்து எனக்கு உயிரே இல்ல அண்ணி. நான் வேலைக்குப் போயிடறேன். வீட்ல ஒரு ஆள் துணைக்கு இருக்கட்டும்னு..."

"ஆளு வேணும்னா சம்பளத்துக்கு ஒரு ஆளை வெச்சிருக்கலாமேடி! புருஷனையா வெப்பாங்க?"

பாப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எனக்கும்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. கையெல்லாம் சர்க்கரை. பாப்பா முந்தானையால் துடைத்துவிட்டாள். பெட்டிகளை அன்று நாங்கள் இரண்டு பேரும் கட்டி முடித்தோம்.

மறுநாள் எடுத்துப் போகிறவர்கள் எல்லாம் வந்து எடுத்துப்போனார்கள். சில பெட்டிகளில் பூச்சு மூடியில் ஒட்டிக்கொண்டதாகக் குறை சொன்னார்கள். "அடுத்த வருஷம் வெயிலடிக்கச் சொல்றேன்" என்றாள் அக்கா.

அவர் இதே ஊரில்தான் இருக்கிறார். பாப்பா யாரிடமோ சொல்லி ஒரு கிடங்கில் காவல் வேலை வாங்கிக்கொடுத்திருக்கிறாள். தங்க ஓர் அறையும் உண்டு. எப்போதாவது போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். எப்படி இருக்கிறார் என்று அக்கா கேட்பதில்லை. பாப்பாவாகச் சொன்னால், "ம்" என்று கேட்டுக்கொள்கிறாள்.

இந்த வருஷம் அவள் பாதிப் பேரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு வருத்தம். தையல்காரருடைய மருமகள் காலையில் வந்து அடுப்பில் தட்டுகளைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறாள். கொஞ்சம் கருகவிடுகிறாள், ஆனால் நல்ல பெண். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தே பூசுகிறாள்.

களைப்பு போய்விட்டதா என்று கேட்டேன்.

"இத்தனை வருஷக் களைப்பு, அவ்வளவு சீக்கிரம் எங்க போகும்?" என்றாள். பேசிக்கொண்டே சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். பாப்பா உள்ளிருந்து வந்து, காற்றாடியைக் குறைத்துவிட்டு, என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்துக் காட்டினாள். நான் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு மாடி ஏறினேன்.