வெட்டாமலே வந்த ரத்தம்

1. வெள்ளைத் துணி

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூரில் நான் வேலை செய்யும் சலூனில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். நாற்காலியில் ராகவன் சார். எழுபதைத் தாண்டியவர். முப்பது வருடம் லீக் மேட்ச்களில் அம்பயராக வெயிலில் நின்றவர். வலது காதுக்கு மேலே சீப்பை வைத்துக் கத்தரியை ஓட்டினேன். கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது.

காதின் மேல் விளிம்பில் மிளகு அளவுக்கு ஒரு காயம். கத்தரி நுனி பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. சேர்ந்த முதல் வாரமே முதலாளி சொல்லிக் கொடுத்தது. "வெட்டு பட்டா மூச்சு வுடாத. படிகாரத்த அழுத்து, பவுடர் போடு, கண்ணாடிய அந்தப் பக்கம் காட்டாத. வேற எதனா பேசிக்கினே இரு." எனக்குப் பேச வராது. மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

"முடிஞ்சுதா சேகர்?" என்றார் சார்.

"முடிஞ்சுது சார்."

அவ்வளவுதான். அவர் எழுந்து போனார்.

2. கத்தரி படாத மாதம்

ஆவணியில் வந்தார். அதே இடத்தில் பொருக்கு. சீப்பு உரசியதும் ரத்தம். ஆறி வந்த காயத்தை நானே கிளறிவிட்டேன் என்று நினைத்துப் படிகாரத்தை வைத்தேன். புரட்டாசியிலும் அப்படியே. இப்போது ஓரம் தடித்து, விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தது.

எனக்கு என் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வயதாகிறதா, பார்வை மங்குகிறதா? கத்தரியைச் சாணை பிடித்தேன். பிறகு புதிதாகவே ஒன்று வாங்கினேன். கஸ்டமர் இல்லாத நேரமெல்லாம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "இன்னாடா, புதுப் பொண்டாட்டி மாதிரி அத்தயே தடவிக்கினு கீற?" என்றார்.

ஐப்பசியில் ஒரு முடிவு எடுத்தேன். அந்தக் காதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரி, சீப்பு, மிஷின் எதுவும் போகவில்லை. ராகவன் சார் கண்ணாடியில் பார்த்தார்.

"இந்தப் பக்கம் பிட்ச் மாதிரி மழமழன்னு இருக்கு. அந்தப் பக்கம் பவுண்டரி லைன் புல்லா?"

"அடுத்த வாட்டி பாத்துக்கலாம் சார்."

கார்த்திகையில் அவர் உட்கார்ந்ததும் முதலில் காதைத்தான் பார்த்தேன். காயம் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பெரிதாகியிருந்தது. நடுவில் புது ரத்தம். சட்டைக் காலரிலும் ஒரு பழுப்புக் கறை.

நான் தொடவே இல்லை. அப்படியென்றால் இது என் வெட்டு இல்லை. ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிடமே அது போய்விட்டது. என் வெட்டு இல்லையென்றால் இது என்ன?

அன்றும் நான் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் முதலாளி ஷேவிங் செய்துகொண்டிருந்தார். இதைச் சொன்னால், ஆடி மாதத்திலிருந்து மறைத்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

3. மந்தைவெளி

மறுநாள் திங்கட்கிழமை முழுக்க வேலை ஓடவில்லை. யார் உட்கார்ந்தாலும் காதுதான் கண்ணில் பட்டது. செவ்வாய் கடை லீவு. ராகவன் சார் வீடு மந்தைவெளியில் இரண்டாவது மாடி. அவருக்கு உடம்பு முடியாதபோது ஒருமுறை போய் ஷேவிங் செய்திருக்கிறேன்.

தெருமுனை வரை போய்த் திரும்பினேன். ஒரு டீ குடித்தேன். மறுபடி கேட் வரை போனேன். "யாரப் பாக்கணும்?" என்றார் வாட்ச்மேன். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். இன்னொரு டீ. மூன்றாவது முறை போனபோது அவர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

"யோவ், காலைலேந்து இன்னா நோட்டம் வுட்டுக்கினு கீற? ஏறுனா ஏறு, இல்ல கெளம்பு."

ஏறினேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. "சலூன் சேகர்தானே? இப்பல்லாம் ஆத்துக்கே வந்து வெட்டறேளா என்ன?"

உள்ளே போய் நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் சொன்னேன். "சார், காதுல அந்தப் புண்ணு. ஆடி மாசம் நான்தான் வெட்டிட்டேன்னு நெனச்சி சொல்லாம வுட்டுட்டேன். மன்னிச்சிக்கோங்க. ஆனா போன மாசம் நான் அங்க கத்தரியே வெக்கல சார். அது பெருசாயிக்கினு கீது. தானா ரத்தம் வருது."

ராகவன் சார் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நானும் நீ வெட்டினதுன்னுதான்டா நெனச்சுண்டிருந்தேன். சொன்னா உன் மொதலாளி உன்னைத் தாளிச்சுடுவானேன்னு வாயத் தொறக்கல."

"ரெண்டு பேருமா சேந்து நன்னா மூடி வெச்சேள்!" என்றார் மாமி. "தலகாணி உறையில கறையப் பாத்துக் கேட்டா, கொசுவ நசுக்கினேன்கறார். நாளைக்கே டாக்டர்ட்ட போறோம். நீங்களும் வரணும். இவர் பாதிய முழுங்கிடுவார்."

4. அடையாறு

அடையாறில் ஒரு தோல் டாக்டர். சின்ன வயதுப் பெண். லென்ஸ் வைத்துக் காதைப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா இருக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும்," என்றார் சார்.

"அஞ்சு மாசம் மேடம்." கதவோரம் நின்ற என் வாயிலிருந்து வந்துவிட்டது.

டாக்டர் திரும்பினார். "நீங்க யாரு, பையனா?"

"இல்ல மேடம். முடி வெட்றவன்."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. மாசம் மாசமா சொல்லுங்க." ஆடியில் மிளகு, ஆவணியில் பொருக்கு, புரட்டாசியில் தடிப்பு என்று சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு சாரிடம், வெயிலில் நின்று வேலை செய்தவரா என்று கேட்டார்.

"நான் தொப்பி போட்டுண்டுதான் நின்னேன் டாக்டர்," என்றார் சார்.

"எந்த மாதிரித் தொப்பி?"

"முன்னாடி நீட்டிண்டு இருக்குமே, அது."

"அது மூக்குக்கு நிழல் சார். காதுக்கு இல்ல."

"ரிட்டயர் ஆயி பத்து வருஷமாச்சே. இப்ப வெயில்லயே போறதில்லையே?"

அதற்கு டாக்டர் சொன்னதில், ஐந்தாவது வரை படித்த எனக்குப் புரிந்தது இது. வெயில் தோலுக்குள் செய்யும் கெடுதல் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். இளம் வயதில் தோல் அதைப் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். வயதாக ஆகத் தோல் மெலிகிறது, சரிசெய்கிற வேகமும் உடம்பின் எதிர்ப்பும் குறைகின்றன. அதனால் நாற்பது வயதில் பட்ட வெயில் எழுபதில் வெளியே வரலாம். நம்மைப் போன்ற நிறத்துக்கு இது குறைவுதான். குறைவு என்பதாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை.

சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தது கேன்சர்தான். வேறு எங்கும் பரவவில்லை. காது விளிம்பில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரிடம் தைரியமாக ஒன்று கேட்டேன். "மேடம், நாங்க வந்தது லேட்டா?"

"உயிருக்கு லேட் இல்ல," என்றார். "காதுக்குத்தான் கொஞ்சம் லேட். ஆடியிலயே வந்திருந்தா இவ்ளோ எடுத்திருக்க வேண்டாம்."

5. தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு

உச்சந்தலை, காது மடல், பிடரி, இதையெல்லாம் அந்த ஆளே பார்க்க முடியாது. மாதம் ஒருமுறை பார்ப்பது நாம்தான். வயதானவர், வெயிலில் வேலை செய்தவர் என்றால் இன்னும் உற்றுப் பாருங்கள். ஒரு மாதமாகியும் ஆறாத புண், தொட்டாலே ரத்தம் வரும் பொருக்கு இருந்தால், பவுடர் போட்டு மூடாதீர்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம், அது நம் வேலை இல்லை. டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வெட்டினது நீங்களாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். திட்டு வாங்குவீர்கள். நானும் வாங்கினேன். டாக்டரிடம் காட்டச் சொன்னதற்கு, "முடிய வெட்டுயா, ஜோசியம் சொல்லாத" என்றார் ஒருவர்.

ராகவன் சார் இப்போதும் வருகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுகிறார். நாற்காலியில் சாய்ந்ததும் தூங்கிவிடுவார். வலது காதின் மேல் விளிம்பில் ஒரு பள்ளம். அதைச் சுற்றித்தான் கத்தரியை ஓட்டுகிறேன். நான் சொல்லாமல் விட்ட ஐந்து மாதம் எவ்வளவு அகலம் என்று என் விரலுக்குத் தெரியும்.