சொல்லக் கூடாத பேர்

முப்பத்தெட்டாம் வருஷம் ஆனியில் சாரல் கண்டதும் கல்யாணசுந்தரி புருஷனைக் கூட்டிக்கொண்டு தினமும் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நடந்தாள். விஷக் காய்ச்சலில் பிழைத்த மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அருவியில் தலையைக் கொடுத்தால் சித்தம் தெளியும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வைத்தியர்கள் கைவிரித்த பிறகு அவளுக்கும் வேறு போக்கிடம் இல்லை. அவர் பேரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொன்னால் புருஷன் ஆயுசு குறையுமாம். அவள் சொல்லாததை நாமும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

அவருக்குப் பெண்டாட்டி நினைவில் இருந்தாள். எதிரே நிற்பவள்தான் அவள் என்பது மட்டும் பிடிபடவில்லை. "எம் பொண்டாட்டியக் கண்டீயளா ஆச்சி?" என்று அவளிடமே கேட்பார். "நாந்தான்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்தது. இந்தக் கொடுமையை யாரிடம் போய் அழ?

ஒருநாள் புறப்படும்போது தென்காசிக் கோயில் வாசலில், இடிந்து நின்ற கோபுரத்தடியில், மழையும் காற்றுமாக ஆளைத் தள்ளியது. முந்தானையால் அவர் தலையை மூடினாள். அவர் உற்றுப் பார்த்தார்.

"ஏட்டி, நீ நனையுதியே" என்றார்.

ஆச்சி போய் ஏட்டி வந்ததில் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வழியில் இலஞ்சிக் குமரன் கோயிலுக்கு வெளியே நின்றே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சேற்று வரப்பில் ஓட்டமும் நடையுமாக அவரை இழுத்துப் போனாள். இன்னும் ஒரு குளியல் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பேரருவியில் வெள்ளம். செம்மண் கரைந்து கொட்டிய தண்ணீர்ப் பக்கம் யாரும் போகவில்லை. குற்றாலநாதர் கோயிலைப் பார்த்துத் திரும்பி அவள் சேலையைப் பிழிந்த நேரத்தில் அவர் பாறையில் இறங்கிவிட்டார். வழுக்குப் பாறை. பின்னால் ஓடினால் அவளும் சேர்ந்துதான் போவாள்.

"இந்தாருங்க, இங்கன வாங்க" என்று கத்தினாள். எல்லாப் பெண்டாட்டிகளும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்? நாலைந்து ஆம்பிளைகள் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிடு தாயி" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"நீங்க கூப்பிடுங்க அண்ணாச்சி."

"பேரு என்னன்னு சொன்னாத்தான கூப்பிட முடியும்?"

அவர் தண்ணீரில் காலை வைத்தார்.

"தளவாய்!" என்று அவளே கத்தினாள்.

அவர் நின்றார். திரும்பிப் பார்த்து, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி மேலே ஏறி வந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவர் மெதுவாகக் கையை உருவிக்கொண்டார்.

"எம் பொண்டாட்டின்னுல்லா நெனச்சேன். நீங்க யாரு ஆச்சி? அவ எம் பேரச் சொல்ல மாட்டாளே."