கேட்கப் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வந்தோம்

தீவுப்பக்கம் சின்னப் பிள்ளைகளோடு போகலாமா என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். நான் மூன்று பிள்ளைகளோடு போனவள். அது 1984ஆம் ஆண்டு பங்குனி மாதம். இன்றைக்கு லோஞ்சு என்கிற மோட்டார்ப் படகு பெரிதாகியிருக்கும், தெரு அகலமாகியிருக்கும், ஆனால் கடலும் வெயிலும் சொந்தக்காரரும் அப்படியேதான் இருப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை. இவருக்கு, என் கணவருக்கு, சாம்பியாவில் கணித வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. முந்தின ஆடிக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இரண்டு பேர் சந்தித்தால் சுகம் விசாரிக்க முதல் “எங்கை போறதா யோசினை?” என்றுதான் கேட்பார்கள். எங்களுக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. இவர் தனியாகப் போய் உழைத்து அனுப்புவது, எல்லோருமாகப் போவது, ஒருவருமே போகாமல் இருப்பது. இவருடைய மனம் முதலாவதில் நின்றது. அதைச் சொல்லவும் பயம், விடவும் மனமில்லை. கடைசியில், “ஐயாவைக் கேட்டு முடிவெடுப்பம்” என்றார். ஐயா என்பது நெடுந்தீவில் இருந்த என் மாமா, இவருடைய தகப்பனார். இவர் அவருக்கு ஒரே மகன். இவருடைய அக்கா, என் மச்சாள், மாமா வீட்டுக்கு அடுத்த வளவில் இருந்தா.

இந்த இரண்டு மாதப் பேச்சில் என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். கேட்காமல் சொல்லக் கூடாது என்று நானும் முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஊர்காவற்றுறை பஸ் ஏறினோம். பண்ணைப் பாலத்தில் வலது பக்க யன்னல் பிடியுங்கள். காற்று அருமையாக வரும், தலைமயிருக்கு மட்டும் பொறுப்பில்லை. அல்லைப்பிட்டி, வேலணை தாண்டி நாரந்தனையில் இறங்கினோம். அங்கே என் சின்னம்மா வீடு. அடுத்த நாள் நயினாதீவு அம்மனைக் கும்பிட்டு, அங்கிருந்து நெடுந்தீவு என்பது திட்டம். நேரே போனால் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் துறை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான். சின்னம்மாவைக் காணாமல் அந்த வழியால் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஆதலால் சுற்றிப் போனோம்.

இங்கேதான் பிழைவிட்டோம். யாழ்ப்பாணத்தில் தூரப் பயணம் போகிறவர்கள் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ப் “பயணம் சொல்ல” வேண்டும். சொல்லாமல் போனால் மூன்று தலைமுறைக்குக் கோபம் நிற்கும். பயணம் சொல்ல வருகிறவர்கள் எப்படி வருவார்கள்? குடும்பமாக வருவார்கள், நல்ல உடுப்பு உடுத்து வருவார்கள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொண்டு வருவார்கள். கோயிலுக்குப் போகிறோமே என்று நாங்கள் ஐந்து பேரும் நல்ல உடுப்பில், கதலிச் சீப்பும் கையுமாகச் சின்னம்மா வீட்டு வாசல் படலையில் போய் நின்றோம்.

சின்னம்மா ஒரு பார்வைதான் பார்த்தா.

“அப்ப பயணம் சரி வந்திட்டுது. எப்ப பிளேன்?”

“இல்லைச் சின்னம்மா, இன்னும்...” என்று நான் தொடங்கினேன். அதற்குள் அவ சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தா, மற்றக் கையால் என் சின்ன மகளை இடுப்பில் தூக்கினா, குசினியைப் பார்த்து அடுப்பை மூட்டச் சொன்னா. மூன்றும் ஒரே நேரத்தில். அப்படிப்பட்ட ஆளை இடைமறிக்க நான் இன்னும் பழகவில்லை.

“விடும், அழுறவவை என்னெண்டு மறிக்கிறது? பிறகு ஆறுதலாச் சொல்லுவம்” என்றார் இவர் என் காதுக்குள். அந்தப் “பிறகு” வரவேயில்லை. பின்னேரம் அயலில் இருந்த உறவெல்லாம் வந்துவிட்டது. ஒருவர் மிளகாய்த்தூள் கொண்டுவந்தார், ஒருவர் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, இன்னொருவர் கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல். சின்னம்மாவின் மச்சாள் ஒருத்தி, தான் நுவரெலியாவில் இருந்த காலத்தில் போட்ட கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா.

“சாம்பியா ஆபிரிக்காவிலை எல்லோ அக்கா, அங்கை குளிராது” என்றேன்.

“வெளிநாடெண்டால் குளிர்தானே பிள்ளை. கொண்டு போ, பழுதில்லை.”

சின்னம்மா சும்மா இருக்கிற ஆள் அல்ல. அடுத்த நாள் விடிய முதல் பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போன கருவாட்டு வியாபாரியிடம், நெடுந்தீவில் எங்கள் மாமாவுக்குச் சேதி சொல்லி விட்டிருக்கிறா: மகன் குடும்பத்தோடு சாம்பியாவுக்குப் பயணம் சொல்ல வருகிறார், இன்றைக்குப் பின்னேரம் வந்து சேருவார். இது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் தோசை சாப்பிட்டு, மூட்டைகளைக் கட்டி, ஆடி அசைந்து வெளிக்கிட்டோம்.

நாரந்தனையிலிருந்து போகிறவர்கள் வேலணை வங்களாவடிச் சந்தியில் இறங்கிக் குறிகட்டுவான் பஸ்ஸுக்கு மாறவேண்டும். நிழல் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள். புங்குடுதீவு முடிகிற இடத்தில் பஸ்ஸும் முடியும், அதற்குப் பிறகு கடல்தான். நயினாதீவுக்கு லோஞ்சில் கால்மணி நேரம். எங்கள் மூட்டைகளை வாங்கி அடுக்கிய லோஞ்சுக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணை, நயினாதீவிலை குடி போறியளோ?”

“கும்பிடத்தான் போறம்” என்றார் இவர்.

“அம்மனுக்கு இவ்வளவு புழுக்கொடியல் என்னத்துக்கு?”

லோஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இவர்தான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோயிலில் சனம் அதிகமில்லை. நன்றாகக் கும்பிட்டோம், அன்னதான மண்டபத்தில் வயிறாரச் சாப்பிட்டோம். எங்கள் மூத்தவள் மூன்று தரம் பாயசம் வாங்கினாள். “என்ன கும்பிட்டனீர்?” என்று இவர் கேட்டார். “சொன்னால் பலியாது” என்றேன். உண்மையில் நான் அம்மனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: இந்த மனுசன் தனியாகப் போகாமல் இருக்கவேண்டும். சாம்பியாவோ யாழ்ப்பாணமோ, அது அவ விருப்பம். பாதுகாப்பில்லாத காலம், மூன்று பிள்ளைகள், தனியாக நான்.

திரும்பக் குறிகட்டுவானுக்கு வந்து நெடுந்தீவு லோஞ்சு பிடித்தோம். ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். பங்குனி, சித்திரையில் கடல் பேசாமல் கிடக்கும். வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த மாதங்களைப் பாருங்கள். எங்கள் மகன் வழி முழுக்கக் குதிரையைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான். நெடுந்தீவில் ஆளில்லாமல் மேய்கிற குதிரைகளை அவன் அதுவரை கண்டதில்லை.

துறையில் இறங்கினால் உழவு மெசின் ஒன்று, ட்ராக்டர்தான், இழுவைப் பெட்டியோடு நிற்கிறது. அதன் சாரதி எங்களைக் கண்டவுடன் பாய்ந்து வந்து மூட்டைகளைப் பறித்தான்.

“வாத்தியாரண்ணை, உங்களை ஏத்திக்கொண்டு வரச் சொல்லி ஐயா விட்டவர். சாம்பியாவிலை வீட்டு முத்தத்திலை சிங்கம் வருமாமே?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “சாம்பியா உமக்கு ஆர் சொன்னது?” என்று இவர் கேட்டார்.

“ஊருக்கே தெரியும். நாளைக்குக் கிடாய் எல்லோ.”

கடற்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்களுக்கு நடுவே அந்தப் பெட்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். தூரத்தில் நான்கு குதிரைகள் வால் ஆட்டிக்கொண்டு நின்றன, மகன் எழும்பி நின்று கத்தினான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

மாமா படலைக்கு வெளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகளைத் தூக்கினார், என்னை “வா பிள்ளை” என்றார், மகனை மட்டும் நேரே பார்க்கவில்லை. “கோயிலாலை வாறியள். இண்டைக்கு மரக்கறிதான். கிடாய் நாளைக்கு, எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்” என்றார். பின்வளவில் கிடாய் பூவரசங்குழை தின்றுகொண்டு நின்றது.

“கிடாயை அறுக்க முன்னம் சொல்லுங்கோ” என்று நான் இவரை நெருக்கினேன்.

“ஓம், காலமை சொல்லுறன்” என்றார்.

காலையில் நாங்கள் எழும்பியபோது கிடாய் கறியாகிக்கொண்டிருந்தது. மச்சாளும் நாலைந்து பெண்களும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். மாமா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். இனிமேல் தள்ளிப்போட ஏது இடம்? நான் இவரின் முதுகில் கைவைத்து அந்தப் பக்கம் தள்ளினேன். நானும் பின்னால் போனேன்.

“ஐயா, நாங்கள் பயணம் சொல்ல வரேல்லை” என்றார் இவர். “உங்களைக் கேக்கத்தான் வந்தனாங்கள்.”

“என்னத்தைக் கேக்க?”

“போறதோ, விடுறதோ எண்டு.”

மாமா துவாயால் முகத்தைத் துடைத்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே கறி கொதித்த வாசம் வளவெல்லாம் நின்றது. “கிடாயை அறுத்தாப் பிறகு வந்து கேக்கிறாய்” என்றார். “எனக்கென்னடா தெரியும்? நான் கொழும்புக்கே ரெண்டு தரந்தான் போனனான். நீ என்ன யோசிச்சனி?”

இவர் நிலத்தைப் பார்த்தபடி, “நான் தனியப் போய் ரெண்டு வருசம் இருந்திட்டு வரலாமெண்டு... இவவும் பிள்ளையளும் இஞ்சை நிக்கட்டும்” என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?”

அந்தக் கேள்விக்குத்தான் நான் இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். “போனால் ஐஞ்சு பேரும் போவம் மாமா. இல்லாட்டி ஒருத்தரும் போகவேண்டாம்.”

“தெரியாத தேசம். மூண்டு பிள்ளையளோடை அங்கை என்னெண்டு இருக்கிறது?” என்றார் இவர்.

“இஞ்சை மூண்டு பிள்ளையளோடை நான் தனிய என்னெண்டு இருக்கிறது? அதை யோசிச்சனீங்களே?”

யோசிக்கவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கணக்கு வாத்தியார், இந்தக் கணக்கை மட்டும் பார்க்கவில்லை. பிறகு மெல்லச் சிரித்தார். “நாரந்தனையிலை எல்லாரும் ஐஞ்சு பேருக்கும் எண்டுதான் கட்டித் தந்தவை. நான் தனியப் போவனெண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை” என்றார். “அப்ப நீர் சொன்னபடி செய்வம். போறதோ, நிக்கிறதோ?”

எனக்கு இரண்டும் சம்மதம், அதுதான் சிக்கல். அதற்குள் படலையில் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. மச்சாள் “ஐயா, சனம் வந்திட்டுது” என்று கூப்பிட்டா. மாமா சால்வையைத் தோளில் போட்டார், இரண்டு அடி வைத்தார், நின்றார்.

“டேய், ஒரு முடிவைச் சொல்லிப்போட்டு விடுங்கோ. வந்த சனத்துக்கு முன்னாலை நான் இப்ப அழவோ, சிரிக்கவோ?”

இவர் என்னைப் பார்த்தார். நான் பின்வளவில் மச்சாளின் பிள்ளைகளோடு ஓடித் திரிந்த என் மூன்றையும் பார்த்தேன். கலவரத்துக்குப் பிறகு சின்னவள் வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஓடுகிறவள். போகவேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

“அழுங்கோ மாமா” என்றேன்.

மாமா அழுதார். சும்மா அழவில்லை, வந்தவர்களைக் கட்டிப்பிடித்து, “ஒரே மகன், குடும்பத்தோடை போறான்” என்று சொல்லிச் சொல்லி, பெருமையும் கண்ணீருமாக அழுதார். பிறகு முன்வரிசையில் இருந்து இரண்டாம் தரமும் இறைச்சிக்கறி வாங்கினார். அன்றைக்கு அந்த வளவில் அவ்வளவு சிரிப்பு. நாங்கள் ஆவணியில் வெளிக்கிட்டோம், கம்பளிச் சட்டையையும் கொண்டுபோனோம். சாம்பியாவில் ஆனி, ஆடியில் இரவு நன்றாகவே குளிரும் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். நெடுந்தீவிலிருந்து திரும்புகிற கடைசி லோஞ்சின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். தொப்பி கட்டாயம். நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் ஓடி முடிக்கப் பார்க்காதீர்கள், ஓரிரவாவது தங்குங்கள். வெளிநாடு போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள் தீவுப்பக்கம் போனால் பழைய உடுப்போடு, வெறுங்கையோடு போங்கள். உங்கள் வீட்டில் ஒருவரையாவது இன்னும் கேட்கவில்லை என்றால், லோஞ்சு ஏற முதல் கேட்டுவிடுங்கள்.

பிறகு வந்த வருடங்களில் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் தகப்பன் ஒரு நாட்டில், தாய் ஒரு முகாமில், பிள்ளைகள் வேறொரு நாட்டில் என்று சிதறிப்போனார்கள். நாங்கள் நாடு மாறினோம், வீடு ஏழு தரம் மாறினோம். மேசையில் மட்டும் எப்போதும் ஐந்து சாப்பாட்டுக் கோப்பை வைத்தோம்.