லேபிள் சுரண்டிய நீல டிரம்

பழசை வாங்கிப் பயன்படுத்துவதுதான் எங்கள் வீட்டுச் சிக்கனம். தாராவியில் எங்கள் குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வரும். குடிதண்ணீர் பிடித்துவைக்கப் பழைய டிரம் கடையில் நீல டிரம் ஒன்று வாங்கினேன்.

"ஜூஸ் கம்பெனி டிரம்மு, அக்கா. நல்லா கழுவியாச்சு, பயப்படாம குடிங்க" என்றார் கடைக்காரர்.

மறுநாள் நிரப்பினேன். முதல் சொம்பை மொண்ட என் கணவர், "ஏட்டி, தண்ணியில மருந்து நாத்தம் அடிக்கி! பிள்ளைகளுக்குக் குடுத்துராத!" என்று கத்தினார். தண்ணீரைக் கொட்டிவிட்டு டிரம்மைப் புரட்டினேன். சுரண்டிய லேபிளின் ஓரத்தில் பாதி மண்டையோட்டுப் படம் மிஞ்சியிருந்தது.

அதை உருட்டிக்கொண்டே கடைக்குப் போனேன். அந்த மனிதர் அசரவில்லை.

"வேண்டாம்னா வச்சிட்டுப் போங்கக்கா, பைசா வாபஸ் தாரேன். வேற ஆளு வாங்கிக்கிடுவாங்க."

வேறு ஆளா? அவர்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லையா? பைசாவே வேண்டாமென்று, அவர் கடை ரம்பத்தையே எடுத்து டிரம்மை இரண்டாக அறுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது குடிதண்ணீருக்கு எவர்சில்வர் குடம். மற்றதெல்லாம் இன்றும் பழசுதான். ஆனால் டிரம் வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒன்று கேட்கிறேன்: "ஜூஸ் டிரம்முன்னா லேபிளை எதுக்குச் சுரண்டுனீங்க?"