உடைத்துக் கொடுத்த உதவி

சின்ன மருமகள் கொத்து வேலை படிக்கப் போகிறாள் என்றதும் முதலில் சிரித்தவள் நாத்தனார். சிரிப்பை நிறுத்தாதவள் மாமியார். மாமியாரையும் குற்றம் சொல்ல முடியாது. தினமும் சுவர் கட்டப் போகிறவளால் ஒரு சுவரைக்கூடக் காட்ட முடியவில்லையே! பயிற்சி மையத்தில் கல் அளவாகத்தான் உண்டு. பகலில் சுண்ணாம்பும் மணலும் குழைத்துக் கட்டியதை, மாலையில் அவரவரே தட்டிப் பிரித்து, செங்கல்லைச் சுரண்டி அடுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

“கட்டறதும் நீ, இடிக்கறதும் நீ. வீட்லயே உக்காந்து துணிய மடிச்சு மடிச்சுக் கலைச்சிருக்கலாமே” என்பாள் மாமியார்.

புருஷன் வேன் ஓட்டுகிறவன். நல்லவன்தான், ஆனால் காத்திருப்பதென்றால் காலில் வெந்நீர் கொட்டியது போல. மாலையில் கூட்டிப்போக வந்து, அவள் கல் சுரண்டி முடிப்பதற்குள் ஹாரன் அடித்தே தெருவை எழுப்பிவிடுவான்.

போன தேர்வில் அவள் கட்டிய மூலை சாய்ந்து, தேறாமல் போனாள். இன்னொரு முறை தவறினால் மையத்தில் இடமில்லை. மாமியார் வாய்க்கு அவல்தான். ஆகவே இந்தத் தடவை நூலில் தொங்கும் தூக்குக்குண்டை விட்டு விட்டு, சாய்வு இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒவ்வொரு கல்லும் வைத்தாள். மூலை நூல் பிடித்தாற்போல் நின்றது. சோதிப்பவர் மறுநாள் காலைதான் வருவார். அதுவரை சுவர் அப்படியே நிற்க வேண்டும்.

கலவை அள்ளிய கரணையைக் கழுவி ஒப்படைத்துவிட்டுத் திரும்பினாள். சுவரைக் காணோம். செங்கல்லெல்லாம் சுத்தமாக அடுக்கியிருந்தது. பக்கத்தில் புருஷன், கை நிறையக் கலவையும் முகம் நிறையச் சிரிப்புமாக.

“கல்யாணமானதுலேர்ந்து ஒரு உதவி செஞ்சீங்களான்னு கேப்பியே, பாத்துக்க! மத்தவங்கல்லாம் உடைக்காமயே போயிட்டாங்க. பொறுப்பில்லாத ஜனங்க.”

“இன்னிக்குப் பரீட்சைன்னு காலைல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“அதான் முடிஞ்சுதே?”

“கட்டறதுதான் முடிஞ்சுது. பாத்து மார்க் போடறவர் நாளைக்குக் காலைலதான் வராரு!”

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் அவன் பேசினான், அவள் விரலை மடக்கி மறுநாள் வேலைக்குக் கணக்குப் போட்டாள். வாயைத் திறந்திருந்தால் வேன் வீடு வந்து சேர்ந்திருக்காது.

மறுநாள் மையத்தின் கதவு திறந்ததுமே கலவை குழைத்தாள். குற்ற உணர்ச்சியில் கல் எடுத்துக் கொடுக்க வந்த புருஷனை, வேலை சொல்லிக்கொடுக்கும் மேஸ்திரி விரட்டினார்: “தம்பி, உங்க கை பட்டா அது உங்க சுவர். வெளிய போங்க. நேத்து செஞ்ச உதவியே போதும்.”

சோதிப்பவர் மற்ற சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். இவளிடம் வந்தபோது மேல்வரிசை பாக்கி. மேஸ்திரி காதோடு விஷயத்தைச் சொல்ல, சோதிப்பவர் அதுவரை இழுத்துப் பிடித்திருந்த முகத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். “சரி, முடிங்கம்மா” என்று நின்றார். கடைசிக் கல்லும் உட்கார்ந்ததும் தூக்குக்குண்டை மூலையில் விட்டார். நேர். கல்லுக்கு நடுவே பிதுங்கிய கலவையைச் சீவி முடிக்க நேரமில்லாததால் மதிப்பெண் குறைந்தது, ஆனாலும் தேறிவிட்டாள்.

வாசலில் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். “பாஸா? நான்தான் சொன்னேனே!”

“எங்க சொன்னீங்க? நேத்து கட்டினது இதவிட எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? ஒருத்தர்கூடப் பாக்கல.”

“நான் பாத்தேனே. அவ்வளவு நேரா இருந்துச்சு. உடைக்கவே மனசு வரல.”

“மனசு வரலன்னா அப்புறம் எதுக்குங்க உடைச்சீங்க?”

அவன் யோசித்தான். வேன் கதவைத் திறந்துவிட்டான்.