நாற்று நடுவது போல அல்ல

1. கல்வராயன் மலையிலிருந்து இரண்டாவது பிரசவத்துக்கு வந்த பெண்ணைச் சிசேரியனுக்காக மேசையில் உட்கார வைத்தேன்.
2. மயக்க மருந்து டாக்டர் அவள் முதுகில் ஊசியை இறக்கினார். எலும்பில் இடித்தது.
3. இரண்டாவது முறையும் இடித்தது.
4. தப்பு என்னுடையது.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் மயக்க மருந்து டெக்னீஷியனாகச் சேர்ந்து நான்கு மாதம். என் நோட்டில் இரண்டு பத்திகள் உண்டு. முழு மயக்கம்: தொண்டையில் குழாய், தாய் தூங்கிவிடுவாள், அவசரத்தில் நேரம் மிச்சம். முதுகு ஊசி: மார்புக்குக் கீழே மரத்துப்போகும், ரத்த அழுத்தம் இறங்கலாம், தாய் விழித்திருப்பாள்.

அவள் விழித்திருக்கத்தான் விரும்பினாள். "மொத புள்ளைக்கு முழுசா மயக்கம் குடுத்துட்டாங்க சிஸ்டர். எல்லாரும் பாத்துட்டு கடைசியாத்தான் என் கைக்கு வந்துச்சு. 'நீ பெத்தியா, தூங்கினியா'ன்னு என் நாத்தனா இன்னும் கேட்டுக்கினு இருக்கா."

"இன்னும் ஒரு தடவை பாக்கறேன்," என்றார் டாக்டர். "எறங்கலன்னா முழு மயக்கந்தான்."

நான் எல்லோரிடமும் சொல்வதையே மறுபடி சொன்னேன். "அக்கா, நாத்து நடுற மாதிரி குனிங்க."

"அப்படித்தான குனிஞ்சேன்? எங்க மலையில ஏது நாத்து? சாமை வெதைக்கறதுதான். பஸ்ல வரச்சொல்ல பாத்தத வெச்சி குனிஞ்சேன்."

அவள் சரியாகத்தான் குனிந்திருந்தாள். நாற்று நடும்போது இடுப்பு மடங்கும். முதுகு நேராக நிற்கும். எங்களுக்கு வேண்டியது முதுகு வளைவது. இத்தனை நாளும் நான் தப்பாகக் குனியச் சொல்லியும் டாக்டர் எப்படியோ ஊசி போட்டிருக்கிறார்.

"மலையில குளுரடிச்சா எப்படிக்கா குந்துவீங்க?"

"இத மொதல்லயே கேக்கறதுதான?"

தலையணையைக் கட்டிக்கொண்டு, முகவாயை மார்பில் புதைத்து, அடுப்போரம் குளிர் காய்கிறவளாகச் சுருண்டாள். ஊசி இறங்கியது.

குழந்தை அழுதது. "என்னுதா?" என்றாள்.

"இங்க வேற யாரும் பெக்கலம்மா," என்றார் டாக்டர்.

குழந்தையை அவள் கன்னத்தருகே கொண்டுபோனேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பொண்ணுன்னு வெளிய சொல்லிடாதீங்க. நாத்தனாகிட்ட நாந்தான் சொல்லணும்," என்றாள்.

வெளியே நாத்தனார் என்னை மறித்து, "இன்னா கொழந்தைங்க?" என்றாள்.

"உங்க அண்ணியக் கேளுங்க. அவங்கதான் மொதல்ல பாத்தாங்க."

இன்றும் அதே அறுவை அரங்கில்தான் வேலை. முதுகு ஊசிக்கு உட்காருகிறவர்களிடம், எந்த ஊரானாலும், குளிருக்குக் குந்தச் சொல்கிறேன். முழு மயக்கப் பத்தியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: கண் விழிக்கும்போது குழந்தை அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்.